மரம் அறுக்கும் மெஷின்: கிராங்க் பேரிங்கை அடித்து இறக்கிவிட்டோம், இனி என்ன செய்வது?

கஜாத்தோப்பு (பேராவூரணி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 58 சிசி சீன மெஷின். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனபோது, தோப்பில் நின்ற தென்னையை விடப் படுத்த தென்னை அதிகம். அறுக்க ஆள் இல்லை. வந்தவர்கள் மரத்துக்கு இவ்வளவு என்று சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மெஷின் வாங்கலாம் போலிருந்தது. அந்த டிசம்பரில் வாங்கினேன். ஆறு மாதம் ஓயாமல் உழைத்தது. போட்ட காசை அப்போதே எடுத்துவிட்டேன், அதனால் பழுதானதில் பெரிய வருத்தம் இல்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

போன ஐப்பசி மழைக்கு முன் டேங்கில் பெட்ரோல் இருந்தபடியே சாக்கில் சுற்றி மோட்டார் கொட்டகையில் வைத்தேன். மாசியில் எடுத்தால் நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஆனால் கிளட்ச் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம், ரைஸ்மில்லில் நெல்லோடு கல் போன மாதிரி. பாரையும் செயினையும் கழற்றிவிட்டு ஓட்டினாலும் அதே சத்தம்தான். நிறுத்திவிட்டு கிளட்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். கிளட்சோடு சேர்ந்து கிராங்கே (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) ஆடியது.

பிரித்துவிட்டேன். பிஸ்டனிலும் போரிலும் கோடு இல்லை. கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடவில்லை, பக்கவாட்டில் மட்டும் லேசாக நகர்கிறது. கிளட்ச் பக்கத்துப் பேரிங்கில் குண்டு ஓடும் தடத்தில் பழுப்புப் புள்ளிகள், ஓரிடத்தில் தோல் உரிந்த மாதிரி இருந்தது. நம்பர் 6202. பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் இரண்டு வாங்கினேன். டப்பாவில் 6202 2ஆர்எஸ் என்று இருக்கிறது, இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் மூடி. மூடி இருந்தால் தூசி போகாது, நல்லதுதான் என்றார் கடைக்காரர்.

இனிதான் கதை. எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டுபவர் ஒருவர், நல்ல கைக்காரர். பேரிங் போடுவது அவருக்குத் தினசரி வேலை என்பதால் கேஸை (கிராங்கும் பேரிங்கும் உட்காரும் எஞ்சின் கூடு, இரண்டு பாதியாகப் பிரியும்) எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உள் வளையத்தின் மேல் ஒரு குழாய்த் துண்டை வைத்து நாலு போடு போட்டார், இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தால் சுத்தமாகச் சுற்றவில்லை. ஒரு சுற்றில் நாலைந்து இடத்தில் டிக், டிக் என்று தட்டுகிறது. மற்றொரு பேரிங் இன்னும் டப்பாவில் இருக்கிறது, அதைச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி போகிறது. அதனால்தான் கிளட்சுக்கு எதிர்ப்பக்கமான மேக்னட் பக்கத்தைத் தொடாமல் நிறுத்திவிட்டேன்.

அந்த டிக் டிக் ஓட ஓடச் சரியாகுமா? இரண்டாவது பேரிங்கை அடிக்காமல் எப்படி இறக்குவது? பேரிங்கைக் கேஸில் போட்டுவிட்டுக் கிராங்கை விடுவதா, கிராங்கில் ஏற்றிவிட்டுக் கேஸை மூடுவதா? ரப்பர் மூடி இருக்கலாமா?


சவுக்குக்கட்டை (பண்ருட்டி)

சார், எதற்கு இந்தப் பாடு? பேரிங், கிராங்க், பிஸ்டன் எல்லாம் மாட்டிய பாதி எஞ்சினாகவே ஆன்லைனில் விற்கிறார்கள். நான் அப்படித்தான் மாற்றினேன், ஒரு மதியத்தில் வேலை முடிந்தது.


சில்வர் ஓக் (கோத்தகிரி)

பண்ருட்டிக்காரர் சொல்வது தப்பில்லை. ஆனால் அந்தப் பாதி எஞ்சினுக்குள் என்ன பேரிங் இருக்கிறது, எவர் எப்படி அடித்து இறக்கினார் என்பது நமக்குத் தெரியாது. அப்படி வந்த ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதிலும் உங்கள் டிக் டிக் இருந்தது.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: அந்தப் பேரிங் போய்விட்டது. பத்து மணி நேரம் கூட ஓடலாம், ஆனால் போய்விட்டது. ஓட ஓடப் பள்ளம் பெரிதாகுமே தவிர ஆறாது.

காயில் கட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கை பழகியதைத்தான் செய்தார். மோட்டாரில் பேரிங் சாஃப்டில் இறுக்கமாக ஏறும், மூடியில் லேசாகப் போய் உட்காரும். ஆகவே உள் வளையத்தில் குழாய் வைத்து அடிப்பது அங்கே சரியான முறை. உங்கள் மெஷினில் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டியது கேஸில். மாட்டிக்கொண்டிருப்பது வெளி வளையம், அடி விழுவதோ உள் வளையத்தில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குண்டுகள் மட்டும்தான். சுத்தியலின் முழு வேகமும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போய்ச் சேரும். குண்டு தடத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவு. அங்கே ஒரு பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

எந்த வளையம் இறுக்கமோ அந்த வளையத்தில்தான் கை வைக்க வேண்டும். கேஸில் இறக்கும்போது வெளி வளையம், கிராங்கில் ஏற்றும்போது உள் வளையம். இது தெரியாமல் நானும் ஆரம்பத்தில் மூன்று எஞ்சினைக் கெடுத்திருக்கிறேன். அதிலும் ஒன்று எஸ்டேட் மெஷின். மழைக்கு முன் நிழல் மரக் கிளை கழிக்கும் சீசன், அவசரம், ரைட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேரிங் கேஸில் உட்கார்ந்துவிட்டது, கிராங்க் உள்ளே போக மறுத்தது. முனையில் கட்டையை வைத்து அடித்தேன். போய்விட்டது. ஓடவும் ஓடியது. ஆனால் அதைப் பிடித்து அறுத்தவர் சாயந்தரம் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் விரல் மரத்து உட்கார்ந்திருந்தார். இந்தக் கிராங்க் ஒரே இரும்பில் செய்தது இல்லை, இரண்டு சக்கரத்தையும் நடுவில் ஒரு பின்னில் அழுத்திச் சேர்த்தது. முனையில் அடித்தால் அந்தப் பின் நகர்ந்து இரண்டு சக்கரமும் ஒன்றை ஒன்று நெருங்கும், நேர்கோடு போய்விடும். லேத்தில் கொடுத்துக் காட்டினேன். தூக்கிப் போடு என்றார்கள்.

அதிலிருந்து பேரிங் வேலையில் நான் சுத்தியலை எடுப்பதில்லை. சூடும் குளிரும்தான். சுத்தியல் தேடக் கை போனால் சூடு போதவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

பிரிப்பதற்கு முன் ஒன்று. பழைய பேரிங் கேஸில் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரின் வால் பக்கத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடியில் படி இருக்கும் கேஸில் பேரிங் அங்கே போய் நின்றுகொள்ளும், படி இல்லாத கேஸில் அந்த எண்தான் உங்களுக்குக் கணக்கு. மேக்னட் பக்கம் இன்னும் பழையது இருப்பதால் அதை இப்போதே அளந்துவிடுங்கள்.

அடுத்து, பழைய ஆயில் சீல் இரண்டையும் எடுத்துவிட்டு, கேஸை பெட்ரோலில் கழுவி, சோப்புத் தண்ணீரில் இன்னொரு முறை கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் போடுங்கள். பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது. அப்புறம் ஓவனில் 130 டிகிரியில் அரை மணி நேரம். துணியில் பிடித்து வெளியே எடுத்து, பேரிங் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி ஒரு மரப்பலகையில் தட்டினால் பேரிங் தானாக விழும். அடித்து இறக்கியதும் அப்படியே விழும். கேஸை மறுபடி உள்ளே வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். புதுப் பேரிங் இதற்குள் பிரீசரில் இருக்க வேண்டும். எடுத்துக் கேஸ் ஓட்டையின் வாயில் நேராக வைத்துவிட்டால் டொக் என்று ஒரு சத்தத்தோடு போய் உட்காரும். அந்தச் சத்தம் கேட்டால் போதும். பத்து வினாடிக்குள் நேராக்க முடியும், அதற்கு மேல் இறுகிவிடும். சாய்ந்து உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், திரும்பச் சூடாக்கி விழவைத்து மறுபடி போடுங்கள்.

கேஸுக்குத் தீ காட்ட வேண்டாம். சில கேஸ் மெக்னீசியம். கட்டியாக இருக்கும்போது சுலபத்தில் பற்றாது, ஆனால் அராவிய தூள் பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல்தான் போட வேண்டும். உங்களுடையது எது என்று தெரிய, உள்பக்கம் ஓரிடத்தைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம், சும்மா இருந்தால் அலுமினியம். பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

ரப்பர் மூடி விஷயம். கடைக்காரர் சொன்னது ஃபேனுக்கும் மோட்டாருக்கும் சரி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் பேரிங்குக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயிலில்தான். மூடி இருந்தால் அது உள்ளே போகாது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் கரைத்துவிடும். அப்புறம் கிரீஸும் இல்லை, ஆயிலும் இல்லை. மூடி இல்லாத 6202 சி3 (உள்ளே இடைவெளி கொஞ்சம் கூட விட்டது) என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால் ரப்பர் மூடியைக் குண்டூசியால் உள் ஓரத்தில் நெம்பி எடுத்துவிட்டு, கிரீஸைக் கழுவி, 2டி ஆயில் விட்டுப் போடலாம். தகர மூடி போட்டதில் இந்த வேலை வேண்டாம், நெம்பும்போது உள்ளே இருக்கும் கூடு நசுங்கும்.

நான் பேரிங்கை முதலில் கேஸில் போடும் கட்சி. கேஸ் ஆறிய பிறகு, 15 மில்லிக்குக் கொஞ்சம் குறைந்த இரும்புத் துண்டு ஒன்றைச் சூடாக்கி உள் வளையத்துக்குள் அரை நிமிடம் நிறுத்துவேன். எடுத்த கையோடு பிரீசரில் கிடந்த கிராங்கை விட்டால் இறங்கிவிடும். பாதியில் நின்றால், முனையில் இருக்கும் மரையில் நட்டைப் போட்டு, உள் வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை நடுவில் கொடுத்து, நட்டை முறுக்கி இழுக்க வேண்டும். கிளட்ச் பக்கத்து மரை எதிர் மரை (இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும்), மறந்துவிடாதீர்கள்.


லேத்துக்காரன் (கணபதி, கோவை)

கோத்தகிரி ஐயா சொன்னதற்குக் கொஞ்சம் கணக்குச் சேர்க்கிறேன், ஒரு இடத்தில் மாறுபடவும் செய்கிறேன்.

6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மி.மீ. அலுமினியக் கேஸை 30 டிகிரியிலிருந்து 130க்குக் கொண்டுபோனால் 35 மி.மீ. ஓட்டை 0.08 மி.மீ. விரியும், மெக்னீசியம் என்றால் 0.09. இறுக்கத்துக்காக விட்டிருப்பது சில நூறில் ஒரு மில்லிதான், அதனால்தான் பேரிங் தானாக விழுகிறது. பேரிங்கை மைனஸ் 18 பிரீசரில் வைத்தால் அது சுருங்குவது சுமார் 0.02. அதாவது முக்கால் வேலைக்கு மேல் கேஸின் சூடு செய்கிறது, பிரீசர் ஒத்தாசைதான். சூட்டைக் குறைத்துவிட்டு பிரீசரை நம்பாதீர்கள். இன்னொன்று, உங்கள் பக்கம் கடற்காற்று. பிரீசரிலிருந்து எடுத்த பேரிங்கில் கண்மூடித் திறப்பதற்குள் பனி பூத்துத் தண்ணீர் நிற்கும். எண்ணெய் பூசி, காற்றுப் போகாத கவரில் போட்டு வையுங்கள், வாயில் வைக்கும் வினாடியில் பிரியுங்கள்.

சி3 என்பது கடைக்காரர் விலை ஏற்றச் சொல்லும் வார்த்தை இல்லை. சாதாரண 6202இல் குண்டுக்கும் தடத்துக்கும் இடையே விடும் இடைவெளி 3 முதல் 18 மைக்ரான், சி3இல் 11 முதல் 25. கேஸ் வெளி வளையத்தை நெருக்குகிறது, கிராங்க் உள் வளையத்தை விரிக்கிறது, ஓடும்போது கிராங்கின் சூடு வேறு. எல்லாம் சேர்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். சாதாரணப் பேரிங்கில் தின்ன ஒன்றும் மிச்சம் இருக்காது. கையில் பிடித்து ஆட்டினால் சி3 லேசாக ஆடும், பழையது போலிருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

மாறுபடும் இடம்: நான் பேரிங்கைக் கிராங்கில்தான் முதலில் ஏற்றுவேன். பேரிங்கை 110 டிகிரிக்குச் சூடாக்கினால் கிராங்கில் நழுவி உட்காரும், 120க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் சூடான கேஸை மேலே கவிழ்த்தால் சரி. எந்தக் கட்டத்திலும் குண்டு வழியாக விசை போகாது. ஐயா முறையில் கிராங்க் பாதியில் நின்றால், தெரியாதவர் கை சுத்தியலுக்குத்தான் போகும்.

அப்புறம் ஒரு சந்தேகம். காயில்காரர் நாலே போட்டில் இறக்கிவிட்டார் என்கிறீர்கள். கிளட்ச் பக்கத்துப் பழைய பேரிங் அவ்வளவு ஆடியிருந்தால் வெளி வளையமும் கேஸுக்குள் சுற்றியிருக்கலாம். கழற்றிய பிறகு, சூடே இல்லாமல் புதுப் பேரிங்கை வாயில் வைத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். போனால் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டறைகளில் அதற்குச் சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து இறுக்குவார்கள். நானும் செய்து கொடுத்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தப் புள்ளிகள் ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும், பேரிங்கும் நடுவில் உட்காராது. லேசான தளர்வு என்றால் லாக்டைட் 641 மாதிரி பேரிங்குக்கென்றே இருக்கும் பசையைத் தின்னரில் துடைத்த கேஸில், சூடாக்காமல், வெளி வளையத்தில் மட்டும் பூசி ஒட்டலாம். ஒரு துளி குண்டுப் பக்கம் போனாலும் பேரிங் காலி. தளர்வு அதிகம் என்றால் புதுக் கேஸ்தான்.


சில்வர் ஓக் (கோத்தகிரி)

கோவைக்காரர் முறை சுத்தமான முறை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அது ஒத்துவராத காரணம் இரண்டாவது கேஸ். ராடைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதியையும் நேராகச் சேர்க்கும் டோவல் பின்னைப் பார்த்துக்கொண்டு, நடுவில் காற்றுக் கசியாமல் வைக்கும் பேப்பர் பேக்கிங் நகராமல், கை சுடும் கேஸைப் பத்து வினாடியில் கவிழ்க்க வேண்டும். பட்டறையில் இரண்டு பேர் இருந்தால் சரி. நான் தனி ஆள், வயதும் 60ஐத் தாண்டிவிட்டது.

தம்பி, எந்த முறையாக இருந்தாலும் ஒன்று மட்டும் வேண்டாம். இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்போது கேஸ் திருகை முறுக்கி இழுத்து மூடாதீர்கள். மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.


கஜாத்தோப்பு (பேராவூரணி)

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. எலுமிச்சை வைத்தியம் செய்தேன், பொங்கியது. மெக்னீசியம்தான். பொங்கியதைப் பார்த்துவிட்டு என் மகன் கேஸ் முழுவதையும் எலுமிச்சையில் போடப் பார்த்தான், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மேக்னட் பக்கத்து ஆழம் அளந்துவிட்டேன், படி இருக்கிறது. மூடி இல்லாத சி3 தஞ்சாவூரில் கிடைத்தது, மூன்று வாங்கினேன். ஒன்று என் மேல் நம்பிக்கை இல்லாததால்.

சிக்கல் ஒன்றுதான்: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. அக்கம்பக்கத்திலும் இல்லை. இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, கடலை வறுப்பது போலக் கேஸை மணலில் புதைக்கலாமா? சூடு சீராக ஏறும் அல்லவா?


சில்வர் ஓக் (கோத்தகிரி)

ஐயோ, மணல் வேண்டாம்! சூடு சீராக ஏறும், உண்மை. ஒரு மணல் துகள் கேஸ் ஓட்டையில் ஒட்டியிருந்தால் பேரிங் சாய்ந்து உட்காரும், குண்டுக்குள் போனால் முதல் நாளே அரைத்துவிடும். கேஸுக்குள் பெட்ரோல் ஓடும் சின்னத் துளைகள் வேறு இருக்கின்றன.

வீட்டில் குக்கர் கேக் செய்வார்களே, அதே முறை. சமையலுக்கு இனி எடுக்காத பழைய கனமான பாத்திரம், அடியில் இரண்டு அங்குலம் கல்லுப்பு, மேலே ஒரு இரும்புத் தாங்கி, அதன் மேல் ஒரு தட்டு, தட்டில் கேஸ். மேலே சும்மா ஒரு தட்டைப் போட்டு மூடுங்கள். குக்கரையே எடுத்தால் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். வெளியில் வைத்து, சிறு தீயில், முக்கால் மணி நேரம். வர்க்கி சுடும் பேக்கரி அடுப்பில் ஒருமுறை கேஸை வைத்து வாங்கினேன். அடுத்த நாள் வர்க்கியில் ஆயில் வாடை அடித்ததாகச் சொல்லி அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது, அப்போது கண்டுபிடித்த வழி இது.

சூடு தெரிந்துகொள்ள: கேஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் விழுந்த உடனே சுர் என்று பொங்கிக் காணாமல் போக வேண்டும், அப்போது 100ஐத் தாண்டிவிட்டது. மேல் எல்லைக்கு, ரேடியோ ரிப்பேரில் பற்றவைக்கும் ஈயக் கம்பியில் ஒரு துண்டைத் தட்டில் கேஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். அது உருக 183 டிகிரி வேண்டும். உருகினால் அதிகம், அடுப்பைக் குறையுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய துப்பாக்கியை எடுத்துவராதீர்கள், அது காய்ச்சல் அளவுக்கு மேல் காட்டாது.


கஜாத்தோப்பு (பேராவூரணி)

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது, முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லேத் அண்ணன் சொன்ன சோதனை. பழைய குக்கரில் கேஸைச் சூடாக்கி, அடித்து இறக்கிய பேரிங்கை விழவைத்தோம். பலகையில் ஒரு தட்டுத்தான். நாலு போட்டில் ஏறியது ஒரே தட்டில் இறங்கியதைப் பார்க்கக் காயில் அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். ஆறிய பிறகு புதுப் பேரிங்கை விரலால் அமுக்கினேன், வாயிலேயே நின்றது. ஓட்டை தப்பித்தது.

பிறகு மறுபடி சூடு, பேரிங்கை வைத்தேன், டொக். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மேக்னட் பக்கமும் அதே டொக். இரண்டும் ஆறிய பிறகு விரலை விட்டுச் சுற்றினால் வெண்ணெய்.

கிராங்கை மேக்னட் பக்கம் சூடான இரும்புத் துண்டு வைத்து இறக்கினேன், முழுதாகப் போனது. கிளட்ச் பக்கத்தில் பாதியில் நின்றது. காயில் அண்ணன் கை சுத்தியலுக்குப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன், கோவை அண்ணன் நினைவுக்கு வந்தார். எதிர் மரை நட்டுக்குக் கிளட்சையே பயன்படுத்தினோம். உள் வளையத்தில் உட்காரும் குழாய்த் துண்டை நடுவில் கொடுத்து முறுக்கினால் மெதுவாக வந்து பேக்கிங்கில் படிந்தது. அப்புறம் திருகெல்லாம் போட்டு முறுக்கினேன்.

இப்போது பிரச்சினை: திருகு முறுக்கும் முன் நன்றாகச் சுற்றிய கிராங்க், முறுக்கிய பின் கனமாகச் சுற்றுகிறது. டிக் டிக் இல்லை, சீராகத்தான் போகிறது, ஆனால் கனம். பிரிக்கவா?


சில்வர் ஓக் (கோத்தகிரி)

பிரிக்காதீர்கள். இழுத்துப் போட்டதில் கிராங்க் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரண்டு பேரிங்கையும் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. கேஸை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிராங்க் முனையில் ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, மறுமுனையில் ஒரு தட்டு. கதவைத் தட்டும் அளவுதான். சுத்தியல் எடுப்பதில்லை என்று நான் எழுதியதில் இது ஒன்று விலக்கு. நடுவுக்கு வந்ததும் கனம் சட்டென்று விடும்.

அது விட்ட பிறகுதான் புது ஆயில் சீல். மரை மேலும் சாவிப் பள்ளத்தின் மேலும் ஒரு சுற்று செலோடேப் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி இறக்குங்கள். சிலிண்டர் உட்காரும் இடத்தில் துருத்தி நிற்கும் பேக்கிங்கைப் பிளேடால் சமமாக வெட்டிவிடுங்கள், துண்டு உள்ளே விழாமல்.

பிறகு காற்றுச் சோதனை. இதை விட்டால் இவ்வளவு செய்ததும் வீண். கேஸ் எங்கேயாவது காற்று இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, ஆயிலும் குறைந்து, பிஸ்டனும் இதே பேரிங்கும்தான் முதலில் போகும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வெட்டி வைத்து அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 0.4 பார் காற்று ஏற்றி, நிற்கிறதா என்று பாருங்கள். கேஜுக்கு எங்கே போவது என்றால், டாக்டர்கள் பிரஷர் பார்க்கும் பழைய கருவியின் பந்தும் முள்ளும் போதும். அதில் 300 என்பது சரியாக 0.4 பார்.

கடைசியாக, உங்கள் பேரிங் ஏன் போனது என்று நீங்கள் கேட்கவே இல்லை. பழுப்புப் புள்ளி என்று எழுதியிருந்தீர்கள். அது துரு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாலு மாதம் மழையில் டேங்கில் நின்றால் என்ன ஆகும் என்று பேரிங்கே காட்டிவிட்டது. டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி, பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலு முறை இழுத்துவிட்டு வையுங்கள். ஆயில் எவ்வளவு கலக்கிறீர்கள்?


கஜாத்தோப்பு (பேராவூரணி)

லிட்டருக்கு 20 மில்லி கலந்துகொண்டிருந்தேன். பைக்குக்கு அந்தக் காலத்தில் அப்படித்தானே என்று. இன்று மெஷினோடு வந்த தாளைத் தேடி எடுத்தால் 25க்கு 1 என்று இருக்கிறது, அதாவது 40 மில்லி. ஆறு வருடம் பாதி ஆயிலில் ஓடியிருக்கிறது.

ரப்பர் சுத்தியல் தட்டு வேலை செய்தது. இரண்டாவது தட்டிலேயே கனம் போய்விட்டது. பிரஷர் கருவி எங்கள் ஊர் நர்ஸம்மா வீட்டில் பழையது ஒன்று கிடைத்தது. 300 ஏற்றினேன், பத்து நிமிடத்தில் 220க்கு வந்துவிட்டது. பயந்துபோய்ச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் சீல் இரண்டும் சுத்தம், கேஸ் பேக்கிங்கும் சுத்தம். நுரை வந்தது கார்புரேட்டர் பக்கத்து ரப்பர் குழாயில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். அது எத்தனை நாளாகக் காற்று இழுத்துக்கொண்டிருந்ததோ. புதுக் குழாய் ஆர்டர் போட்டு, வியாழக்கிழமை வந்து, மாட்டி மறுபடி 300 ஏற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 295.

வெள்ளிக்கிழமை இழுத்தேன், ஆறாவது இழுப்பில் பிடித்தது. சத்தம் இல்லை. கிணற்றடியில் பட்டுப்போன பூவரசு ஒன்று இருந்தது, அதை அறுத்தேன். காயில் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அந்தப் பழைய குக்கரைத் தன் கடைக்குக் கேட்கிறார், மோட்டார் மூடியைச் சூடாக்க. கொடுத்துவிட்டேன்.